மூன்றாவது கம்பியில் ஒரு கறுப்புப் புள்ளி

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடைக்காலத்தில், எனக்கென்று ஒரு எலெக்ட்ரிக் பேஸ் வாங்கினேன், பாட்டுக்கு அடியில் கனத்த சுரம் கொடுக்கிற வாத்தியம். கிட்டார் மாதிரி தோளில் மாட்டிக்கொள்வது அல்ல. தரையில் ஊன்றி, நின்றுகொண்டு வாசிக்கிற வகை. அதை விற்ற வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தது. எப்படி நடந்தது என்று அங்கே நான் கேட்கவில்லை. கேட்டால் வாங்க முடியாமல் போய்விடும் என்று உள்ளுக்குள் எங்கோ பட்டிருக்க வேண்டும்.

அப்போது நானும் என் மனைவியும் தில்லியில் மோதி பாக்கில் இரண்டு அறை அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் கல்லூரியில் படித்தபோது அங்கே மேற்கத்திய இசைக்குழு ஒன்று இருந்தது. ஆறடி உயரம் என்ற ஒரே தகுதியைப் பார்த்து டபுள் பேஸை என் தலையில் கட்டினார்கள். வயலினை ஆள் உயரத்துக்கு வளர்த்துவிட்ட மாதிரி ஒரு வாத்தியம். மூன்று வருஷம் அதைக் கட்டிப்பிடித்து வாசித்தேன். படிப்பு முடிந்ததும் வாத்தியம் கல்லூரியிலேயே நின்றுவிட்டது. கைப்பழக்கம் மட்டும் என்னோடு வந்தது. ஆபீஸில் ஃபைலைப் புரட்டும்போதுகூட இடது கை விரல்கள் மேஜை ஓரத்தில் சுரம் தேடிக்கொண்டிருக்கும்.

எங்கள் அமைச்சகத்தில் வேறொரு செக்‌ஷனில் மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். அக்கார்டியன் வாசிப்பார். தில்லியில் இருந்த தமிழ் உத்தியோகஸ்தர்களைச் சேர்த்து ஒரு மெல்லிசைக் குழு நடத்திவந்தார். கல்யாண வரவேற்பு, காலனி விழா, நவராத்திரி என்று மாதத்துக்கு இரண்டு கச்சேரியாவது இருக்கும். என் கைப்பழக்கம் யார் மூலமோ அவர் காதுக்குப் போய்விட்டது.

"தம்பி, பேஸ் இல்லாம நம்ம பாட்டெல்லாம் காத்துல பறக்குது. இருந்த ஆளு போய்ட்டாரு. நீங்க ஒண்ணு வாங்கிட்டீங்கன்னா குழு நிமிர்ந்துரும்" என்றார்.

போய்விட்டார் என்றால் வேறு ஊருக்கு மாற்றல் என்று எடுத்துக்கொண்டேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஃப்ரிட்ஜுக்குச் சேர்த்த காசு இருக்கு. அதுக்குள்ள கிடைச்சா வாங்குங்க. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது" என்றாள். அந்தக் கோடையில் ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்று சொல்வது சாதாரண விஷயமில்லை. வெளியே லூ என்கிற அனல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. பானைத் தண்ணீர்கூடக் கொதித்தது.

உண்மையான டபுள் பேஸ் வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. டிடிசி பஸ்ஸில் அதை ஏற்ற முடியாது. எங்கள் வாசல் கதவில் நுழையவும் நுழையாது. பேஸ் கிட்டார் மலிவு, ஆனால் என் கைக்கு அது பிடிபடவில்லை. டபுள் பேஸில் பழகின விரல்கள் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே பெரிய தூரத்தை எதிர்பார்க்கும். ஆகவே எனக்கு வேண்டியது குடம் இல்லாத டபுள் பேஸ். அதே நீளக் கழுத்து, அதே கம்பிகள், ஆனால் உடம்பு ஒரு பலகை அளவு. சத்தத்தை ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்ளும். அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைப் படத்தில் பார்த்ததோடு சரி.

ஜாமா மசூதிக்குப் பின்னால் வாத்தியக் கடைகளில் விசாரித்தேன். நின்று வாசிப்பது என்று சொன்னால் தம்பூராவை எடுத்துக் காட்டினார்கள். ஒரு கடையில், ஒரே வாரத்தில் செய்து தருவதாகச் சொல்லி, செய்துவைத்திருந்த ஒரு பேஸ் கிட்டாரை மாதிரிக்குக் காட்டினார்கள். கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். வில்லாக வளைந்திருந்தது. பெரிய ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் வெளிநாடு போகிறார், விற்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனேன். அசல் ஜெர்மன் சரக்கு. பத்து நிமிஷம் வாசிக்க விட்டார். அந்தப் பத்து நிமிஷம் என்னைக் கெடுத்துவிட்டது. அவர் சொன்ன விலை என் எட்டு மாதச் சம்பளம்.

மறுநாள் கேன்டீனில் அக்கார்டியன்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கலக்கி முடித்த பிறகும் கலக்கினார்.

"கோல் மார்க்கெட்ல ஒரு வீட்டுல ஒண்ணு கிடக்கு. நம்மகிட்ட முன்னாடி வாசிச்சாரே, அவருது. அவரே செஞ்சது. போன வருஷம் தவறிட்டாரு."

"என்ன ஆச்சு?"

"ஹார்ட் அட்டாக். வாசிச்சிட்டிருக்கும்போதே." பிறகு, "அவரு சம்சாரம் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். ரொம்பக் கேக்க மாட்டாங்க" என்றார்.

"நீங்களும் வாங்களேன், அண்ணே."

"நான் வரல தம்பி. அந்த வீட்டுப் படியேற என்னால ஆகாது."

நண்பரைப் பறிகொடுத்த துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது மேற்கே வானம் செம்மண் நிறமாகிவிட்டிருந்தது. வேப்பமரங்கள் அசையாமல் நின்றன. கதவைத் திறந்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். தஞ்சாவூர்ப் பேச்சு.

"சீக்கிரம் உள்ள வாங்கோ. ஆந்தி வரது. கதவைச் சாத்திடறேன்."

சாத்தின அடுத்த நிமிஷம் புழுதிக்காற்று ஜன்னலை அறைந்தது. மின்சாரம் போயிற்று. அரை இருட்டில், பாதி கட்டின டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிரம்பு மோடாவில் உட்கார்ந்தேன்.

"அல்மாரிக்குப் பின்னால இருக்கு. நீங்களே எடுத்துக்கறேளா? நான் தொடறதில்லை."

பழைய படுக்கை விரிப்பில் சுற்றி நிறுத்தியிருந்தது. விரிப்பை அவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். யாரோ உடைந்த டபுள் பேஸ் ஒன்றின் கழுத்தை எடுத்து, ஒரு தேக்குப் பலகையில் இறக்கியிருந்தார்கள். இறக்கின இடத்தில் ஒரு தாள்கூட நுழையாது. கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தேன். கழுத்து நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. முறுக்காணிகளைத் திருப்பினேன். வழுக்காமல், கரகரக்காமல் திரும்பின. கம்பிகளைத் தாங்கும் குதிரையை அவரே மரத்தில் இழைத்திருந்தார். அதன் கீழே கம்பியின் அதிர்வை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப், டெலிபோன் ரிசீவர் காந்தத்தை வைத்துச் சுற்றியது. தரையில் ஊன்றும் கம்பி ஒரு குடையின் காம்பு. எல்லாவற்றையும் செலவில்லாமல் செய்திருந்தார். எதிலும் ஏனோதானோ என்பது இல்லை.

ஒவ்வொரு கம்பியாக விரலை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது கம்பியில், கழுத்து முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, நகம் தட்டியது. குனிந்து பார்த்தேன். கடுகளவு கறுப்புப் புள்ளி. அந்த இடத்தில் எஃகில் சின்னக் குழி விழுந்திருந்தது. துரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த அம்மாள் சுவரோரமாக நின்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடையில செருப்பைக் கழட்டிட்டுதானே வாசிப்பேள்?"

"ஆமாம். எல்லாரும் அப்படித்தானே."

"நீங்க கழட்டாதீங்கோ. ரப்பர் செருப்பு போட்டுக்கோங்கோ. யார் என்ன சொன்னாலும்."

தலையாட்டினேன். தனியாக இருப்பவர்களுக்கு இப்படி ஏதாவது இருக்கும் என்று பட்டது.

"இதோட ஒரு ஆம்ப்ளிஃபயரும் இருந்திருக்குமே?"

"அது இங்க இல்லை. அது அவரோடது இல்லை." சொன்ன வேகத்தில் ஏதோ இருந்தது.

அவர் சொன்ன விலை ஃப்ரிட்ஜ் காசில் பாதிகூட இல்லை. பேரம் பேசத் தயாராகப் போயிருந்தவனுக்குப் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. பணத்தைக் கொடுத்தபோது எண்ணிப் பார்க்காமல் வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்து, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்தார். நான் வாசல் தாண்டும்போது, ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இரண்டு அடி பின்னால் வந்தார். நான் நின்றேன். அவர் சொல்லவில்லை. நானும் திரும்பிக் கேட்கவில்லை.

பஸ் கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். ஆட்டோ ஸ்கூட்டர் பிடித்தேன். கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து டிரைவர், "சீடி ஹை க்யா, பாபுஜி?" என்றான். ஏணிதான் என்று சொல்லிவிட்டு, கண்ணுக்குள் புழுதி அடிக்க, மோதி பாக் வரைக்கும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தேன். அந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் அது முணுமுணுக்கத்தான் செய்யும். ஆனால் அதை மர அலமாரியின் கதவில் சாய்த்து வாசித்தால் அலமாரி முழுக்க அதிரும். உள்ளே மடித்துவைத்த துணிகளோடு சேர்ந்து ஒரு கனத்த, அடைத்த குரல் வரும். மனைவி கட்டிலில் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்பாள். "இது நல்லா இருக்குங்க. வயித்துக்குள்ள கேக்குது" என்றாள் ஒருநாள்.

ரிகர்சல் அக்கார்டியன்காரர் வீட்டில். என் பேஸைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிவந்தார். முன்பக்கம் பழுப்புத் துணி போர்த்திய ஆம்ப்ளிஃபயர். இரண்டு முள் பிளக். பிளக்கின் ஒரு பக்கம் பெண்கள் நகத்துக்குப் பூசும் சிவப்புச் சாயத்தில் ஒரு பொட்டு வைத்திருந்தது.

நான் பிளக்கை வாங்கக் கை நீட்டினேன். "விடுங்க, நான் சொருகுறேன்" என்றார். பொட்டு மேலே இருக்கும்படி சொருகினார். அதன் பிறகு நான் நிற்பதற்கென்று கட்டிலுக்கடியிலிருந்து ஒரு மரப்பலகையை இழுத்துப் போட்டார்.

"இது எதுக்கு அண்ணே?"

"நின்னுக்கங்க. சத்தம் நல்லா வரும்."

சத்தம் நன்றாகத்தான் வந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு என் விரலில் இருந்து அந்தச் சத்தம் கிளம்பி அறையை நிரப்பியபோது, நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. நாலைந்து வாரம் இப்படிப் போயிற்று. ஒவ்வொரு முறையும் அவரேதான் சொருகுவார். வேறு யாராவது அந்தப் பக்கம் போனால் வாசிப்பதை நிறுத்திவிடுவார்.

ஆகஸ்டில், ஜனக்புரியில் ஒரு பெரிய காலனி விழாக் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டிருந்தோம். வீட்டில் பழக ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிக் கொடுத்தார்.

"சிவப்புப் பொட்டு மேல பாத்து இருக்கணும் தம்பி. மறந்துராதீங்க."

மறக்கவில்லை. அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. எங்கள் வீட்டுச் சிமென்ட் தரை ஈரம் கசிந்து கிடந்தது. பொட்டு மேலே இருக்கும்படியே சொருகி, கம்பியில் கை வைத்தேன். முழங்கை வரை எறும்பு ஏறியது போல் இருந்தது. கையை உதறிவிட்டு மறுபடி தொட்டேன். மறுபடி எறும்பு. காலில் ரப்பர் செருப்பு இருந்தது. அது கழற்ற மறந்துபோனதுதான். அந்த அம்மாள் சொன்னதற்காகப் போட்டுக்கொண்டது அல்ல.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் கையை உதறுறீங்க?" என்றாள்.

சொன்னேன். அவள் முகம் மாறியது. "கை வைக்காதீங்க. அப்படியே தள்ளி வாங்க." அலமாரியிலிருந்து டெஸ்டரை எடுத்துவந்தாள். மின்சாரம் இருந்தால் பிடிக்குள் விளக்கு எரியும் சாதாரண ஸ்க்ரூ டிரைவர். நுனியை மூன்றாவது கம்பியில் வைத்தாள். பிடிக்குள் ஆரஞ்சு நிறமாக எரிந்தது. நான்காவதில் வைத்தாள். எரிந்தது. சுவர்ப் பிளக்கின் ஓட்டையில் வைத்தால் எரிவது போலவே நாலு கம்பியிலும் எரிந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது ஆம்ப்ளிஃபயரே இல்லைங்க. பழைய காலத்து ரேடியோ ஒண்ணோட உள்பக்கம். ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மெயின்ல வர்ற ஒரு ஒயர் நேரா இந்தத் தகரத்துல சேருது. தகரத்துலேருந்து உங்க கம்பிக்கு வருது."

"அவர் வீட்டுல ஒண்ணும் ஆகலையே."

"அவர் வீட்டு சாக்கெட்ல அந்தப் பக்கம் கரண்ட் இல்லாத ஒயர் இருக்கும். நம்ம வீட்டுல மாத்திப் போட்டிருக்கான். எந்த வீட்டுல எப்படிப் போட்டிருக்கான்னு யாருக்குத் தெரியும்? இந்தப் பொட்டு அவர் வீட்டுக்கு மட்டும்தான்."

பிறகு வாத்தியத்தைப் படுக்கவைத்து, கம்பிகளைத் தடவிக்கொண்டு வந்தவள் அந்தப் புள்ளியில் நின்றாள். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது துரு இல்லைங்க. இரும்பு உருகியிருக்கு. எர்த் இருக்கிற இரும்பு எதுலயோ இந்தக் கம்பி பட்டுத் தீப்பொறி பறந்திருக்கு." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கு முன்னாடி வாசிச்சவர் எப்படிச் செத்தார்னு சொன்னீங்க?"

"ஹார்ட் அட்டாக்."

"எங்க?"

"மேடையில."

"எந்த மாசம்? மழைக்காலமா?"

எனக்குத் தெரியவில்லை. அன்று சாப்பிடும்போது வாத்தியம் அறை மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. நான்தான் திருப்பி வைத்திருந்தேன்.

மறுநாள் மத்தியான இடைவேளையில் அக்கார்டியன்காரரை அமைச்சகத்துக்கு வெளியே புல்வெளிக்கு அழைத்துப் போனேன். டெஸ்டர் எரிந்ததைச் சொன்னேன். புள்ளியைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே பேசினார்.

"பெட்டி என்னோடதுதான். பழைய தில்லியில ஒருத்தன்கிட்ட மலிவா வாங்கினேன். சுரீர்ங்கும்னு தெரியும். அதனாலதான் பொட்டு வச்சேன். அன்னைக்கும் பொட்டு மேல பாத்துதான் சொருகினேன் தம்பி. சத்தியமா."

"எங்க நடந்தது?"

"ஒரு காலனி புல்வெளி. காலைல மழை. அவரு செருப்பைக் கழட்டிட்டு ஏறினாரு. இடது கை கம்பியில இருந்துச்சு. வலது கையால மைக் ஸ்டாண்டைத் தள்ளி வைக்கப் போனாரு. அவ்வளவுதான். வாத்தியத்தோட சாஞ்சாரு. கம்பி ஸ்டாண்டுல பட்டுப் பளிச்சுனு ஒண்ணு. ஜனங்க அதை ஃப்யூஸ் போச்சுன்னு நினைச்சாங்க."

"டாக்டர்?"

"டாக்டர் கேட்டாரு. முன்னாடியே நெஞ்சு வலி இருந்துச்சுன்னு நான்தான் சொன்னேன்." புல் பிடுங்குவது நின்றது. "இருந்ததில்ல."

அதன் பிறகும் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். வேறு வாங்கக் காசு இல்லை என்றார். பிறகு, தூக்கிப் போட்டால் யாராவது ஏன் போட்டாய் என்று கேட்பார்கள் என்று பயந்ததாகச் சொன்னார். இரண்டாவதுதான் உண்மை என்று தோன்றியது.

"இனிமே அதைத் தொட மாட்டேன். கொண்டாந்து குடுத்துருங்க. நானே உடைச்சுப் போட்டுர்றேன்" என்றார்.

மனைவி திருப்பிக் கொடுக்காதே என்றாள். நாமே உடைத்துவிடலாம், இல்லையென்றால் அந்த ஒயரையாவது வெட்டிவிடலாம் என்றாள். அடுத்தவர் பொருள் என்றேன் நான். அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றேன். அந்தப் பேச்சுக்கு அர்த்தம், அவரோடு எனக்கு மனஸ்தாபம் வேண்டாம் என்பதுதான். குழுவில் என் இடம் போய்விடக் கூடாது என்பதுதான். ஒரு ஸ்கூட்டரில் வைத்து நானே அதை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தேன். கோல் மார்க்கெட் அம்மாளிடம் சொல்ல வேண்டும் என்று மனைவி தினமும் சொன்னாள். பார்க்கலாம் என்று நானும் தினமும் சொன்னேன்.

ஜனக்புரிக் கச்சேரிக்கு நான் வாசிக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து தூறிக்கொண்டே இருந்தது. மாலை நான்கு மணிக்கு மனைவி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். கைப்பைக்குள் டெஸ்டரைப் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

"அவர் உடைச்சிருப்பார்" என்றேன்.

"உடைச்சிருந்தா பாட்டு கேட்டுட்டு வருவோம்."

பஸ் மெதுவாகப் போயிற்று. சாலை ஓரமெல்லாம் தண்ணீர் தேங்கியிருந்தது. ஜனக்புரியில் இறங்கி ஃப்ளாட்டுகளுக்கு நடுவே நடக்கும்போதே பாட்டு கேட்டது. ஒரு ஆண் குரல். விழா ஒரு பூங்காவில். மேலே ஷாமியானா. மேடை என்பது தரையில் போட்ட பலகைகள், மேலே ஒரு ஜமக்காளம். ஓரங்களில் ஜமக்காளம் நனைந்து கறுத்திருந்தது.

மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு நாற்காலி மேல் அந்தப் பெட்டி இருந்தது. பழுப்புத் துணி.

வாடகை மைக் செட்டில் ஒன்று மழையில் நனைந்து கெட்டுவிட்டதாம். பாடுகிறவர்களின் கை மைக்கை அக்கார்டியன்காரர் இதில் சொருகியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அப்போது பாடி முடித்தவர் ஷூ போட்டிருந்தார். கைதட்டல் கேட்டது. மைக்கை ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு இறங்கினார். அடுத்து, வங்கியில் வேலை பார்த்த ஒரு பெண் பாட வேண்டும். எங்கள் குழுவில் அவள்தான் சின்னவள். மேடையோரம் வந்து, குனிந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டையும் ஜோடியாக ஓரத்தில் வைத்தாள். ஈர ஜமக்காளத்தில் ஏறினாள்.

எனக்குக் கால் எழவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. மனைவி கூட்டத்தின் நடுவே, நாற்காலிகளை இடித்துக்கொண்டு, ஓடாமல் வேகமாக நடந்துபோனாள். அந்தப் பெண் ஸ்டூலுக்குக் கை நீட்டியபோது மனைவி பிளக்கைப் பிடுங்கிவிட்டிருந்தாள்.

இரைச்சல் அடங்கியது. அக்கார்டியன்காரர் எழுந்து வந்தார்.

"என்னம்மா இது? எல்லாரும் பாக்குறாங்க."

"உடைச்சுப் போடறேன்னு சொன்னீங்களே, சார்."

"பொட்டு மேல பாத்துதான்..." என்று ஆரம்பித்தார்.

மனைவி மைக்கை ஈரமில்லாத துணியால் பிடித்து ஸ்டூலின் நடுவே வைத்தாள். பிளக்கை, பொட்டு மேலே இருக்கும்படியே, மறுபடி சொருகினாள். டெஸ்டரின் நுனியை மைக்கின் இரும்புக் கழுத்தில் வைத்தாள். மேக இருட்டில் அந்த ஆரஞ்சு வெளிச்சம் பின் வரிசைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"கை வைங்க, சார். நீங்க வைங்க, பாக்கலாம்."

அவர் வைக்கவில்லை. மேடையிலிருந்த எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். வங்கிப் பெண் தன் வெறும் காலைப் பார்த்தாள். பிறகு இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, தன் அப்பாவோடு போய்விட்டாள். விழாக்காரர்கள் ஏதேதோ ஹிந்தியில் கேட்டார்கள். மழையால் நிறுத்துகிறோம் என்று யாரோ சொன்னார்கள். நான் அந்தப் பெட்டியைத் தூக்கிப் பூங்காவின் கம்பி வேலி வரை கொண்டுபோய், அங்கிருந்த ஒரு செங்கல்லால் உள்ளே இருந்ததையெல்லாம் நொறுக்கினேன். மூன்று வாரம் முன்பே செய்திருக்க வேண்டியது. கண்ணாடிக் குழாய்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. யாரும் தடுக்கவில்லை.

புதன்கிழமை அக்கார்டியன்காரர் என் மேஜைக்கு வந்தார். சவரம் செய்யவில்லை.

"கோல் மார்க்கெட் போகணும். கூட வருவீங்களா?"

ஆபீஸ் விட்டதும் போனோம். மனைவி நேரே அங்கே வந்துவிட்டாள். வீடு அநேகமாகக் காலியாகிவிட்டிருந்தது. அந்த அம்மாள் அவரைப் பார்த்ததும் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெட்டி யாருடையது, பொட்டு, மழை, டாக்டரிடம் சொன்ன பொய். நடுவில் ஒருமுறை குரல் நின்றது. யாரும் அவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

"அவரைக் குளிப்பாட்டினப்போ பார்த்தேன்" என்றார் அந்த அம்மாள். "இடது கையில ரெண்டு விரல் நுனி கறுத்திருந்தது. யார்கிட்டயும் நான் கேக்கலை. என்ன பதில் வரும்னு தெரியும். கேட்டா அந்தப் பதிலோட இருக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும். செருப்பு மட்டும் சொன்னேன். என்னால அவ்வளவுதான் முடிஞ்சுது. மன்னிச்சுடுங்கோ."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் கையைத் தொட்டாள்.

"அவர் பண்ணினது மரமும் கம்பியும்" என்றார் அம்மாள். "அதுல ஒரு தப்பும் இருக்காது. கரண்ட் அவர் பண்ணினதில்லை." அக்கார்டியன்காரரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "கடைசியில ஏதாவது சொன்னாரா?"

"இல்லம்மா. ஒண்ணும் சொல்லல. உடனே போய்ட்டாரு."

அம்மாள் அதைக் கேட்டுக்கொண்டார். அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கேள்விக்கு மட்டும் அக்கார்டியன்காரர் தரையைப் பார்க்காமல் நேராக அம்மாள் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"சரி. போயிட்டு வாங்கோ" என்றார் அம்மாள்.

குழு அதோடு கலைந்தது. அக்கார்டியன்காரர் இரண்டு மாதம் கழித்துத் தானே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு தெற்கே போனார். புறப்படும் முன் அந்த அம்மாளுக்கு எழுத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அதை அம்மாள் யாரிடமும் காட்டவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

என் பேஸுக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்க மேலும் ஒரு வருஷம் ஆயிற்று. மனைவி கடைக்கு என்னோடு வந்தாள். பின்பலகையைக் கழற்றிக் காட்டினால்தான் ஆச்சு என்று கடைக்காரரிடம் பிடிவாதமாக நின்றாள். ட்ரான்ஸ்ஃபார்மர் இருந்தது, மூன்று முள் பிளக் இருந்தது, எர்த் ஒயர் தகரத்தில் திருகியிருந்தது. மூன்றாவது கம்பியையும் புதிதாக மாற்றினேன். ஃப்ரிட்ஜ் மறுபடி ஒரு கோடை தள்ளிப்போயிற்று. வேறொரு குழுவில் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் வாசித்தேன். அதில் ஒரு நாள்கூட, முதல் சுரத்துக்கு முன்னால், விரலால் நேராகக் கம்பியைத் தொட்டதில்லை. புறங்கையால் லேசாக ஒருமுறை தட்டிப் பார்ப்பேன். உடன் வாசிக்கிறவர்கள் அதைக் கும்பிடுகிறேன் என்று நினைத்தார்கள்.

அந்த அம்மாளுக்குக் கணவர் வேலை பார்த்த ஆபீஸிலேயே வேலை கிடைத்திருந்தது. சில சாயங்காலங்களில் சென்ட்ரல் செக்ரடேரியட் பஸ் நிறுத்தத்தில் பார்ப்பேன். கையில் டிபன் பாத்திரம், தோளில் ஒரு பை. ஒருமுறை அவரே என்னிடம் வந்து, "வாசிக்கறேளா?" என்று கேட்டார்.

"வாசிக்கிறேன், மாமி."

அவர் பஸ் வந்தது. வரிசை நகர்ந்தது. படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் போய்விட்டார்.